ஆரஞ்சுக் கோப்பைக்கு ஆடிய என் தம்பி

1

போன வாரம் பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்கிய என் மகள் கவிதா, ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்படிக்கு வந்தாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "மம்மி, அங்கிள் டேனி செத்துப்போயிட்டாரா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் அங்கிள் டேனி என்று சொல்வது என் கூடப்பிறந்த தம்பி தனபாலை. தாய்மாமன். மாமா என்று கூப்பிடு, மாமா என்று கூப்பிடு என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அவளுக்கு அம்மாவும் மம்மிதான், சோறும் ரைஸ்தான். சாமி படத்துக்கு முன்னால் நின்றால் மட்டும் தமிழ் வருகிறது, அதுவும் பரீட்சை சமயத்தில்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விளையாட்டு வாத்தியார் ஒரு வெள்ளைக்காரர். முன்பு துபாயிலேயே ஏதோ கம்பெனியில் இருந்தவராம். ஒருநாள் முட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கொண்டுவந்து பிள்ளைகளிடம் காட்டியிருக்கிறார். இவள் சும்மா இருப்பாளா? எங்க அங்கிள்கூட இதை விளையாடியிருக்கிறார், டேனி என்று பேர் என்று சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷன் அசந்துபோய், "அந்த இந்தியனா? அவனைக் கீழே சாய்க்க நாலு பேர் வேணுமே! திடீரென்று காணாமல் போனானே, என்ன ஆனான்?" என்று கேட்டிருக்கிறார். என்ன ஆனான் என்று என் மகளுக்குத் தெரியவில்லை. அப்போது அவளுக்கு ஐந்து வயது.

அவளுக்கு அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, முதலில் யூனிஃபார்மை மாற்று என்று அனுப்பிவிட்டேன். துபாய் என்றால் தங்கம், செண்ட்டு பாட்டில், டேப் ரெக்கார்டர் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் இல்லையா, உங்களுக்குச் சொல்கிறேன். அவளும் என்றைக்காவது தமிழ் எழுத்துக்கூட்டிப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

2

தனபால் திண்டுக்கல்லில் டிப்ளமா முடித்தவன். கட்டடத்துக்குப் படம் வரைகிற ட்ராஃப்ட்ஸ்மேன். மை தொட்டு அவன் ஒரு கோடு இழுத்தால் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே கனத்தில் இருக்கும். ஆனால் ஊரில் அவனுக்குப் பேர் வாங்கித் தந்தது படம் அல்ல, சடுகுடு. எங்கள் பக்கத்தில் பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் சடுகுடுப் போட்டி நடக்கும். அவன் பாடிப் போனால் எதிர்க்கட்சிக்காரன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்வான்.

கல்யாணமான கையோடு பிளேன் ஏறி வந்துவிட்டான். மல்லிகா, அவன் பெண்டாட்டி, திண்டுக்கல்லில் எங்கள் அம்மாவோடு இருந்தாள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஊரில் பெண்டாட்டி பிள்ளை இருந்தாலும், இங்கே தனியாக இருக்கிறவனுக்குப் பேர் பேச்சலர்தான். பேச்சலருக்கு ரூமில் ஒரு கட்டில், கட்டிலுக்கு மேல் இன்னொருத்தன் கட்டில். குடும்பத்தைக் கூட்டி வரவேண்டுமென்றால் கம்பெனி மனம் வைத்து, வீடு கொடுத்து, ஃபேமிலி விசாவுக்கு எழுதித் தரவேண்டும். ட்ராஃப்ட்ஸ்மேனுக்கெல்லாம் எந்தக் கம்பெனியும் அவ்வளவு சுலபத்தில் மனம் வைக்காது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, "மல்லிகா வந்துட்டா ஒனக்கு இந்தச் செரமம் இல்லக்கா" என்பான். சாப்பாடு போடுவதா எனக்குச் சிரமம்? அவனுக்கு ஆசை, அதை அப்படிச் சொல்வான்.

அந்த வருஷம்தான் துபாயில் இருந்த ஒரு குளிர்பான ஏஜென்சி ஒரு கோப்பையை அறிவித்தது. தோற்றால் வெளியே, ஜெயித்தால் அடுத்த ஆட்டம், அப்படி ஒரு போட்டி. அந்த முட்டைப் பந்து ஆட்டத்துக்கு ரக்பி என்று பேர், அதிலேயே இரண்டு சாதி இருக்கிறதாம். பதினைந்து பேர் ஆடுவது பாங்க் துரைமாரும் ஆபீசர்களும் ஆடுகிற ஆட்டம். பதின்மூன்று பேர் ஆடுவது இங்கிலாந்தின் வடக்கே மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்க்கிறவர்களின் ஆட்டம், அதை ரக்பி லீக் என்கிறார்கள். இது இரண்டாவது ரகம். கம்பெனிகள், பட்டாளத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள், பஹ்ரைனிலிருந்து ஒரு டீம், இப்படி எட்டு டீம் சேர்ந்தது. ஏஜென்சி விற்றது ஆரஞ்சுக் குளிர்பானம் என்பதால் நம் ஆட்கள் அதற்கு ஆரஞ்சுக் கோப்பை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

தனபாலின் கம்பெனி மேனேஜர் ஹாரிஸ் என்பவர் அந்த வடக்கத்தி ஆள்தான். கோப்பை மேல் அவருக்கு அப்படி ஒரு வெறி. டீமுக்கு ஆள் குறைந்தது. சைட் கேம்ப்பில் நம் பையன்கள் ஒரு சாயங்காலம் மணலில் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தபோது ஜீப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். மறுநாள் தனபாலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அன்றைக்கு ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தான். "கப் ஜெயிச்சா ஃபேமிலி குவார்ட்டர்ஸைப் பாக்கலாம்னு மேனேஜர் சொன்னாருக்கா" என்றான்.

"பாக்கலாம்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. அவரே சொன்னாரு."

நம் ஊரில் ஒரு காரியத்தைக் கேட்டு, பார்க்கலாம் என்று பதில் வந்தால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். பேசாமல் எழுந்து வந்துவிடுவோம். அதையே ஒரு வெள்ளைக்காரன் இங்கிலீஷில் சொன்னால் மட்டும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி நம்பிவிடுகிறோம்.

3

இங்கே மைதானம் என்றால் புல் கிடையாது. வெறும் மணல். புழுதி கிளம்பாமல் இருக்க டாங்கர் லாரியில் கொண்டுவந்து எண்ணெயைத் தெளிப்பார்கள். அது காய்ந்து கறுத்து, தார் போட்ட மாதிரி இறுகிக் கிடக்கும். விழுந்தால் தோல் வழண்டு, அதில் எண்ணெய் மணல் ஒட்டி, கழுவக் கழுவப் போகாது. முதல் ஆட்டத்துக்கு நான், என் வீட்டுக்காரர், கவிதா மூன்று பேரும் போயிருந்தோம். கார்களை வரிசையாக நிறுத்தி, அதன் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு வெள்ளைக்காரக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் பின்னால் ஒரு மூலையில் எங்களை உட்கார வைத்தார். அவருக்கு எங்கேயும் கண்ணில் படாமல் இருக்கவேண்டும்.

ஆட்டத்தின் சட்டம் எனக்குக் கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி, எதிர்ப்பக்கத்துக் கடைசிக் கோட்டில் வைத்தால் பாயிண்ட். அதற்குள் எதிராளி கட்டிப் பிடித்து விழத்தாட்டுவான். பிடிபட்டவனால் அதற்கு மேல் நகர முடியவில்லை என்று தெரிந்ததும் ரெஃபரி குரல் கொடுப்பார். உடனே பிடித்தவர்கள் விட்டுவிட வேண்டும். பிடிபட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வான். பிடிபடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவரவர் பேசாமல் விழுகிறார்கள், எழுகிறார்கள்.

சடுகுடுவில் அப்படியா? பாடிப் போனவனைப் பிடித்தால்தான் ஆட்டமே ஆரம்பம். நாலு பேர் மேலே கிடந்தாலும் மூச்சை விடாமல் இழுத்து, புரண்டு, கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் அவன் பிழைத்தான், பிடித்தவன் அத்தனை பேரும் அவுட். பிடிபட்டதும் நிற்பது என்பது எங்கள் ஊர்ப் பையனுக்குத் தெரியாத காரியம். பத்து வயதிலிருந்து உடம்பில் ஊறியது அது.

தனபாலிடம் பந்து வந்தது. ஓடினான், ஒருத்தன் இடுப்பைப் பிடித்தான். இவன் நிற்கவில்லை. இன்னொருத்தன் கழுத்தைச் சுற்றித் தொங்கினான். அப்போதும் நிற்கவில்லை. முழங்காலில் விழுந்து, அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஊர்ந்தான். உதட்டை இறுக்கி மூடியிருந்தான், மூச்சைப் பிடித்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. இங்கேதான் ஆபத்து. ஆள் நகர்கிறவரை ரெஃபரி குரல் கொடுக்கமாட்டார். குரல் கொடுக்காதவரை இன்னொருத்தன் ஓடிவந்து மேலே விழலாம், அது சட்டப்படி சரிதான். மூன்றாமவன் விழுந்தான், நாலாமவன் விழுந்தான். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து என் தம்பியின் கை மட்டும் வெளியே நீண்டு கோட்டின் மேல் பந்தை வைத்தது.

கார் ஹாரன்களை அழுத்தி ஒரே கூச்சல். "டேனி! டேனி!" என்று வெள்ளைக்காரிகள் எழுந்து நின்று கத்தினார்கள். கவிதாவும் கத்தினாள். மாமா அன்றைக்குத்தான் அங்கிள் டேனி ஆனான். நான் அந்தக் குவியலிலிருந்து ஒவ்வொருத்தராக எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுந்தவன் அவன். எழுந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

4

அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பிட்டு முடித்து டீ கொடுத்தேன். இடது கையில் வாங்கினான். டம்ளர் கை நழுவித் தரையில் விழுந்தது. சூடு என்று நினைத்தேன். அவன் டம்ளரைப் பார்க்காமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. மரத்துப் போன மாதிரி இருக்கு. படுத்த வாக்குல இருக்கும்."

"எத்தன நாளா?"

"ஏதுக்கா, இப்பத்தான்."

பொய். சட்டைப் பொத்தான் இரண்டு போடாமல் கிடந்ததை நான் அவன் வந்தபோதே கவனித்திருந்தேன். இவரிடம் சொன்னேன். "இந்த ஆட்டத்தை விடச் சொல்லுங்க, எனக்கு நல்லாப் படல." என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே, "கம்பெனி ஆடச் சொல்லுது, மாப்ள ஆடுறான். நாம குறுக்க விழுந்தா நாளைக்கு அவன் வேலைக்கு ஆபத்து. நமக்கெதுக்கு வம்பு" என்றார். வம்பு என்றால் இவருக்கு அரிச்சந்திரனுக்குப் பொய் மாதிரி.

அடுத்த ஆட்டம் அரையிறுதி, எதிர் டீம் பட்டாளத்துப் பயிற்சிக்காரர்கள். மைதானத்துக்குப் போய் இறங்கியதும் என் கண்ணில் முதலில் பட்டது கம்பெனி பிக்கப் வண்டி. மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். பின்னால் ஒரு மெத்தை விரித்திருந்தது. முதல் ஆட்டத்தில் அது இல்லை. யாருக்காக அந்த மெத்தை என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆட்டம் முடிகிறவரை அதன் மேல் வெயில் விழுந்து கிடந்தது.

பட்டாளத்துக்காரர்கள் இவனைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருந்தார்கள். பந்து இவன் கைக்கு வந்ததுமே மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். ஒருத்தன் காலுக்கு, ஒருத்தன் மாருக்கு, ஒருத்தன் தலைக்கு. இவன் அப்போதும் நிற்கவில்லை. "நில்லுடா! விட்டுர்றா!" என்று நான் கத்தியது அந்தக் கூச்சலில் எங்கே கேட்கும்? பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி நானும் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஜெயித்துவிட்டார்கள். ஹாரிஸ் ஓடிவந்து இவனைத் தூக்கிச் சுற்றினார். இவன் இடது கை மட்டும் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது.

5

நான் பர் துபாயில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன், அப்போதும் அங்கேதான். டாக்டர் கோவாக்காரர். நம் ஆட்கள் வந்து நெஞ்சு கரிக்குது, குறுக்குப் பிடிச்சுக்கிச்சு, கண்ணைக் கட்டுது என்பதையெல்லாம் அவருக்கு இங்கிலீஷில் மாற்றிச் சொல்வது என் வேலை. கண்ணைக் கட்டுது என்று ஒருத்தர் சொன்னதற்கு, கண்ணில் கட்டு போட்டிருக்கிறார்களா என்று டாக்டர் போய்ப் பார்த்தார். அப்படிச் சிரித்துக்கொண்டு வேலை செய்கிற இடம் அது. தனபாலை அங்கே இழுத்துக்கொண்டு போன அன்று நான் சிரிக்கவில்லை.

எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டு டாக்டர் ஓரிடத்தை விரலால் சுட்டிக் காட்டினார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். கழுத்து எலும்பில் ஒன்று நகர்ந்திருக்கிறது. உள்ளே போகிற நரம்பை அது அழுத்துகிறது. கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தால் சரியாகிவிடும். இதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. அதை நான்தான் தமிழில் என் தம்பிக்குச் சொல்லவேண்டும். சொன்னேன்.

"இன்னும் ஒரு மேட்ச்தானக்கா" என்றான் தனபால்.

"ஒரு மேட்ச்ல படுத்த படுக்கையாயிட்டா மல்லிகாவ எந்தக் குவார்ட்டர்ஸ்ல வச்சுப் பாக்கப் போற?"

"ஒனக்கென்னக்கா, மாமாவும் பிள்ளையும் கூடவே இருக்காக. நீ பேசுவ."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இங்கே வைத்தியச் செலவு கம்பெனியுடையது, ஆகையால் என்ன வியாதி என்ற சீட்டும் கம்பெனிக்குப் போயாகவேண்டும். எழுத வேண்டாம் என்று இவன் டாக்டர் கையைப் பிடித்துக் கெஞ்சினான். எழுதாமல் இருக்க முடியாது என்று அவர் எழுதினார். வேலையிலேயே பாரம் தூக்கக் கூடாது, விளையாட்டு அறவே கூடாது என்று தெளிவாக எழுதினார். எனக்கு உள்ளூர நிம்மதி. இனி கம்பெனியே நிறுத்திவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவனே கிளினிக்குக்கு வந்தான். முகத்தில் ஒரே சிரிப்பு. கழுத்தில் பட்டை இல்லை. "மேனேஜர் சீட்டப் பாத்தாருக்கா. ஒண்ணும் சொல்லல. வெள்ளிக்கிழமை வரைக்கும் ரூம்லயே ரெஸ்ட் எடு, ட்யூட்டிக்கு வரவேணாம்னுட்டாரு. வெள்ளிக்கிழமை மட்டும் வந்தாப் போதுமாம்."

வேலைக்கு ஆகாதவன் ஆட்டத்துக்கு மட்டும் எப்படி ஆவான்? அவனுக்கு அது உறைக்கவில்லை.

6

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மல்லிகாவுக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு புடவையை எடுத்துக்கொண்டு காதர் பாய் கடைக்குப் போனேன். காதர் பாய் ராமநாதபுரத்துக்காரர், மீனா பஜாருக்குள் பிளேன் டிக்கெட் போடுகிற கடை வைத்திருப்பவர். இங்கே யாராவது ஊருக்குப் போனால் அவர் பெட்டியில் பாதி அடுத்தவர் சாமான்தான் இருக்கும். யார் எப்போது போகிறார்கள் என்று காதர் பாய்க்குத் தெரியும், ஆகவே எல்லாரும் பார்சலோடு அவர் கடைக்குத்தான் போவோம்.

ஜும்மா தொழுகைக்குக் கடை அடைக்கிற அவசரத்தில் இருந்தார். என் கையில் பையைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, ஊருக்குப் போற ஆளைத் தேடி வந்தியளா? ஒங்க தம்பிதான் நாளைக்குப் போறாகளே, அவுக பெட்டியிலயே வச்சு விட்டுற வேண்டியதுதானே" என்றார்.

"யாரு, தனபாலா?"

"ஆமா. புதன்கிழமை கம்பெனி ஆள் வந்து டிக்கெட் வாங்கிட்டுப் போனாக. பம்பாய் பிளேன். ஒங்களுக்குத் தெரியாதா?"

"லீவா பாய்?"

அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். "லீவுன்னா திரும்பி வர்றதுக்கும் சேத்துல்ல போடுவாக. இது போறதுக்கு மட்டும்தான் தங்கச்சி" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சீட்டைப் பார்த்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்கள். ஆகாதவன், விசாவை ரத்து செய், ஊருக்கு அனுப்பு. ஆனால் வெள்ளிக்கிழமை இறுதி ஆட்டம் இருக்கிறது, அதுவரை அவனிடம் சொல்லாதே. சனிக்கிழமை பிளேனில் அவன் நடந்து ஏறினாலும் சரி, தூக்கி ஏற்றினாலும் சரி. பாஸ்போர்ட் கம்பெனி பெட்டகத்தில் இருக்கிறது, அவனை எதற்குக் கேட்கவேண்டும்? பாவிகள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் முகம் வெளுத்துப் போயிற்று. ஆனால், "மேட்ச் முடியட்டும். முடிஞ்சப்புறம் பதமாச் சொல்லிக்கலாம். இப்பப் போய்ச் சொன்னா பெரிய ரசாபாசமாயிரும்" என்றார்.

"முடிஞ்சப்புறம் அவன் காதுல விழுகிற நெலமையில இருப்பானா?" என்றேன். இவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

7

நாங்கள் போகும்போதே ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. அன்று நல்ல வெயில், காற்று வேறு மணலை வாரி அடித்தது. எதிர் டீம் பஹ்ரைன்காரர்கள். பிக்கப் இன்னும் கிட்டத்தில் நின்றது. மெத்தையோடு இந்த முறை ஒரு போர்வையும் மடித்து வைத்திருந்தார்கள்.

தனபால் பந்தை வலது கையில் மட்டும் அணைத்துக்கொண்டு ஓடினான். இடது கை சும்மா தொங்கியது. ஒரு தரம் மூன்று பேரை இழுத்துக்கொண்டு போனான். அடுத்த தரம் நாலு பேர். ஒருத்தன் முதுகின் மேல் ஏறி, இவன் தலையைத் தன் மாரோடு சேர்த்து மணலில் அழுத்தினான். இவன் கால் இரண்டும் மணலை உதைத்துக்கொண்டிருந்தன. நான் அந்தக் கால்களையே பார்த்தேன். ஒரு நிமிஷம் கால் நின்றது. என் உயிரும் நின்றது. பிறகு மறுபடி உதைத்தது.

இடைவேளை விசில் ஊதியதும் நான் எழுந்துவிட்டேன். இவர் "வேணாம், வேணாம்" என்று புடவைத் தலைப்பைப் பிடித்தார், உருவிக்கொண்டு நடந்தேன். எண்ணெய் மணலில் செருப்பு ஒட்டிக்கொண்டு வரவில்லை, ஒன்றை அங்கேயே விட்டுவிட்டேன். மைதானத்துக்கு நடுவே புடவை கட்டிய ஒருத்தி போவதை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் லாரி நிழலில் உட்கார்ந்து, ஏஜென்சிக்காரர்கள் கொடுத்த ஆரஞ்சுக் குளிர்பானத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹாரிஸ் குறுக்கே வந்து, இப்போது வேண்டாம் மேடம் என்றார். நான் அவரைத் தாண்டித் தமிழில் பேசினேன். அந்த லாரி நிழலில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

"தனம், நாளைக்கு ஒனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுருக்காய்ங்கடா."

"என்னக்கா உளர்ற?"

"காதர் பாய் கடையில கேட்டுட்டு வர்றேன். புதன்கிழமையே வாங்கிட்டாய்ங்க. போறதுக்கு மட்டும். திரும்பி வர டிக்கெட் இல்ல."

"லீவா இருக்கும்."

"நீ கேட்டியா லீவு? நீ கேக்காம எவன்டா குடுப்பான்?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் எண்ணெய் மணல், கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு ஹாரிஸ் பக்கம் திரும்பினான். ஃபேமிலி விசாவைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "சார், நாளைக்கு எனக்கு எந்த சைட்டுல ட்யூட்டி?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

ஹாரிஸ் வாயைத் திறந்தார். ஒரு சைட்டின் பேரைச் சும்மா சொல்லியிருக்கலாம், துபாயில் சைட்டுக்கா பஞ்சம்? அந்த நேரத்தில் அவருக்கு ஒரு பேரும் வாயில் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "அப்புறம் பேசலாம் டேனி, மேட்ச் முடியட்டும்" என்று சொல்லி அவன் தோளைத் தட்டினார்.

தனபால் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தான். ஜெர்சியைக் கழற்றப் பார்த்தான், இடது கையைத் தூக்க முடியவில்லை. என் பக்கம் பார்க்காமல், "இதக் கழட்டி விடுக்கா" என்றான். தலை அசையாமல், மெதுவாக, சின்ன வயதில் அவனுக்குப் பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றிவிட்ட மாதிரி கழற்றினேன். ஈர ஜெர்சி என் கையில் கனத்தது. அவன் வெறும் உடம்போடு மைதானத்தைத் தாண்டி நடந்து, எங்கள் காரில் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். யாரோ "டேனி!" என்று கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

ஜெர்சியைக் கழற்றிவிடச் சொன்னதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது. மறுநாள் காலையில் ரூமிலிருந்து போன் செய்து, "ஏர்போர்ட்டுக்கு அக்கா வரவேணாம் மாமா" என்று இவரிடம்தான் சொன்னான். டாக்டரிடம் நான் இழுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் சீட்டு போயிருக்காது, சீட்டு போகாவிட்டால் டிக்கெட் வந்திருக்காது, கோப்பையும் குவார்ட்டர்ஸும் கிடைத்திருக்கும் என்பது அவன் கட்சி. ஊரில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். அக்காதான் என் பிழைப்பைக் கெடுத்தாள் என்று. கேட்டபோது அழுகையாக வந்தது. ஆனால் மறுபடி அந்த வெள்ளிக்கிழமை வந்தாலும் நான் அதே காரியத்தைத்தான் செய்வேன்.

அவன் இல்லாமல் ஹாரிஸின் டீம் தோற்றது. அடுத்த வருஷம் அந்த ஏஜென்சி கதவை அடைத்துவிட்டது, அந்தக் குளிர்பானமே கடைகளில் இல்லை. ஆரஞ்சுக் கோப்பை அந்த ஒரு தரம் நடந்ததோடு சரி. ஹாரிஸ் எங்கேயோ வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போனார்.

8

இரண்டு வருஷம் கழித்துத்தான் எங்களுக்கு லீவு கிடைத்தது. திண்டுக்கல் போய் இறங்கினோம். சாயங்கால நேரம். வாசலில் மல்லிகா இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். "வாங்க மதினி" என்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால், உள்ளே கட்டிலில் தனபால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கழுத்தில் பட்டை இல்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தான். உள்ளூர் காண்ட்ராக்டர் ஒருவரிடம் படம் வரைகிறான் என்று மல்லிகா எழுதியிருந்தாள்.

என்னைப் பார்த்தான். பேப்பரை மடித்து வைத்தான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான், பொத்தானை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் போட்டான். என்னைத் தாண்டி வாசலில் இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தான்.

"என்னங்க, மதினி வந்துருக்காங்கல்ல" என்று மல்லிகா கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க மதினி" என்று என் கையைப் பிடித்தாள். நான் அவன் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை இரண்டும் சரியாக வீசிக்கொண்டிருந்தன. தெருமுனையில் ஒரு சைக்கிள் எதிரே வந்தது, ஒரு எட்டில் சாக்கடையைத் தாண்டி ஒதுங்கினான். கால் கொஞ்சம்கூட இழுக்கவில்லை.